சத்து மாத்திரை உடம்பில் சேருகிறதா? இரும்பு, பி12, வைட்டமின் டி: சாப்பிடும் முறையும் ரத்தப் பரிசோதனையும்

சத்து மாத்திரை போடுகிறவர்கள் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அசதியாக இருக்கிறதென்று மருந்துக் கடையில் ஓர் அட்டை வாங்கி மூன்று வாரம் போட்டுப் பார்ப்பார்கள். அசதி போகாதபோதுதான் லேபுக்குப் போவார்கள். அதற்குள் ரத்த அளவுகள் கலங்கிப் போயிருக்கும். பி12 மாத்திரை சில நாள் போட்டாலே ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும். குறைபாடு முன்பே இருந்ததா, இருந்தால் எவ்வளவு என்பதை அதன்பிறகு அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது.

சரியான வரிசை இது: முதலில் ரத்தம் கொடுங்கள், பிறகு மாத்திரை தொடங்குங்கள், உரிய காலம் காத்திருங்கள், கடைசியில் அதே லேபில் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யுங்கள். இந்தக் கட்டுரை மூன்று சத்துகளைப் பற்றியது. நம் ஊரில் அதிகம் குறைவதும், அதிகம் விற்பதும், பரிசோதனையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இவைதான். கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே இருப்பவர்கள் இதை வைத்துத் தாங்களாக மருந்து தொடங்க வேண்டாம். மருத்துவர் சொல்லும் அளவே அவர்களுக்கு உரியது.

முதல் ரத்தம்: எதைக் கேட்டு வாங்குவது

‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் வாங்கினால், அதில் ஃபெரிட்டின் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரத்தத்தில் ஓடும் இரும்பு, அதாவது சீரம் அயர்ன், மட்டும் இருந்தால் அதை வைத்து அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. அந்த எண் காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கும். முந்தைய நாள் போட்ட மாத்திரைக்கே ஏறி இறங்கும். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டுவது ஃபெரிட்டின். தேவையான பட்டியல் சிறியதுதான்: சிபிசி என்ற முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி, வைட்டமின் பி12, 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி.

சிஆர்பி எதற்கு என்று லேபிலேயே கேட்பார்கள். காய்ச்சல், தொற்று, மூட்டு வீக்கம், கல்லீரல் கொழுப்பு போன்றவை இருந்தால் ஃபெரிட்டின் தானாக உயரும். உள்ளே இரும்பு காலியாக இருக்கும்போதே ரிப்போர்ட்டில் 60 என்று வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, நலமாக இருக்கும் பெரியவருக்கு ஃபெரிட்டின் 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு. தொற்றோ அழற்சியோ இருப்பவருக்கு அந்தக் கோடு 70. மருத்துவர்களில் பலர் நடைமுறையில் 30-ஐக் கோடாக வைத்துக்கொள்கிறார்கள், அது நியாயமான வழக்கம். காய்ச்சல் வந்து போயிருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து ரத்தம் கொடுங்கள்.

வைட்டமின் டி-க்கு இரண்டு பரிசோதனைகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது 25-ஹைட்ராக்சி. 1,25-டைஹைட்ராக்சி என்பது வேறு பரிசோதனை. குறைபாடு உள்ளவருக்கும் அது இயல்பாகவே வரும், சில சமயம் கூடுதலாகவும் வரும். விலையும் அதிகம். சீட்டில் பெயரைச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இந்தப் பட்டியலுக்காகத் தனியாக வெறும் வயிறு தேவையில்லை. ஆனாலும் காலையில், அன்றைய மாத்திரைகளைப் போடும் முன் கொடுப்பது நல்லது. இரும்பு மாத்திரை ஏற்கெனவே போடுகிறவர் 24 மணி நேர இடைவெளி விடவும்.

முடிக்காகப் போடும் மாத்திரை ரிப்போர்ட்டைக் கெடுக்கும்

இதை நிறையப் பேர் லேபில் சொல்வதே இல்லை. லேபிலும் பெரும்பாலும் கேட்பதில்லை. முடி, நகம், தோலுக்கு என்று விற்கும் மாத்திரைகளில் பயோட்டின் இருக்கும். ஒரு நாளைக்கு நம் தேவை ஏறத்தாழ 30 முதல் 40 மைக்ரோகிராம். அந்த மாத்திரையில் இருப்பதோ 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம். ரத்த மாதிரியில் ஹார்மோன்களையும் வைட்டமின்களையும் அளக்கும் பல இயந்திரங்கள், பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் தன்மையைப் பயன்படுத்தித்தான் வேலை செய்கின்றன. உங்கள் ரத்தத்தில் மிதக்கும் பயோட்டின் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் கணக்கு தவறும்.

தவறு எந்தப் பக்கம் போகும் என்பது பரிசோதனையின் அமைப்பைப் பொறுத்தது. அப்படிப்பட்ட இயந்திரங்களில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச், ஃபெரிட்டின், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் ஆகியவை பொய்யாகக் குறைந்து வரும். வைட்டமின் டி, பி12, தைராய்டின் டி3, டி4 ஆகியவை பொய்யாகக் கூடி வரும். டிஎஸ்எச் குறைவு, டி4 அதிகம் என்று ஒரே சீட்டில் வந்தால், தைராய்டு கூடுதலாகச் சுரக்கிறது என்ற நோய்க்கணிப்பு வரைக்கும் போய்விடும். ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்ததால் நேர்ந்த ஒரு மரணத்தையும் குறிப்பிட்டு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-ல் எச்சரிக்கை வெளியிட்டது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு, கூடுமானால் மூன்று நாள் முன்பே இந்த மாத்திரையை நிறுத்துங்கள். நெஞ்சுவலி என்று அவசரமாக மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், பயோட்டின் போடுவதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

சிபிசி-யில் ஒரு வகுத்தல் கணக்கு

ஹீமோகுளோபின் குறைந்தவர்கள் எல்லோருக்கும் இரும்புக் குறைபாடு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ரிப்போர்ட்டில் சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்சிவி என்ற எண்ணும், சிவப்பணு எண்ணிக்கையும் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள்.

ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9.6, எம்சிவி 72, சிவப்பணு 4.1. வகுத்தால் 17.6. இன்னொருவருக்கு ஹீமோகுளோபின் 11.4, எம்சிவி 64, சிவப்பணு 5.6. வகுத்தால் 11.4. விடை 13-ஐத் தாண்டினால் இரும்புக் குறைபாட்டின் பக்கம் சாயும். 13-க்குக் கீழே வந்தால், பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியாவின் மரபுக்கூறு இருக்கும் பக்கம் சாயும். இரண்டாமவருக்கு அணுக்கள் மிகச் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் குறைவில்லை, அதுதான் துப்பு. ஃபெரிட்டின் 80, 100 என்று இருக்கும் இப்படிப்பட்டவர் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கினாலும் ஹீமோகுளோபின் ஏறாது. வேண்டாத இரும்புதான் உள்ளே சேரும். அவருக்கு வேண்டியது ஹீமோகுளோபினின் ஒரு வகையான எச்பிஏ2-வின் அளவு காட்டும் பரிசோதனை. அது 3.5 சதவீதத்தைத் தாண்டினால் மரபுக்கூறு உறுதியாகும்; திருமணத்துக்கு முன் துணைவருக்கும் பார்த்துவிடுவது அவசியம். இரும்புக் குறைபாடும் தலசீமியாவும் ஒரே ஆளிடம் இருக்கலாம். இரும்புக் குறைபாடு எச்பிஏ2-வைக் குறைத்துக் காட்டும் என்பதால், இரும்பைச் சரிசெய்த பிறகு அதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபின் எதற்குக் கீழே போனால் ரத்தசோகை என்பதற்கான கோடுகள்: ஆண்களுக்கு 13, கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12, கர்ப்பிணிகளுக்கு 11. சர்க்கரைக்காக எச்பிஏ1சி பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இரும்புக் குறைபாட்டில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாக வரக்கூடும்.

இரும்பு: அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்

அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் மில்லிகிராம் பல சமயம் உப்பின் எடை. உங்களுக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் தனி இரும்பின் எடை. ஃபெரஸ் ஃப்யூமரேட் 200 மி.கி. மாத்திரையில் இரும்பு சுமார் 65 மி.கி. உலர் ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி.யிலும் கிட்டத்தட்ட அதே அளவு. ஃபெரஸ் குளுக்கோனேட் 300 மி.கி.யில் 35 மட்டும். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரையில் ‘தனி இரும்பு 100 மி.கி.க்கு இணை’ என்று எழுதியிருப்பார்கள், கூடவே 1.5 மி.கி. ஃபோலிக் அமிலம் இருக்கும். அரசு மருத்துவமனையிலும் அங்கன்வாடியிலும் தரும் மாத்திரையில் இரும்பு 60 மி.கி., ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம்.

இரும்பு உறிஞ்சப்படுவது பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். வயிற்றில் கரையாமல் குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்ட மாத்திரைகள் அந்த இடத்தைத் தாண்டிய பிறகே திறப்பதால், விழுங்கிய இரும்பில் பெரும்பங்கு வீணாகும். வயிற்றுக்கு இதமானது என்று விளம்பரம் செய்வதற்குக் காரணமே இரும்பு அங்கே வெளிவராததுதான்.

இனி, போடும் முறை. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஒரு மாத்திரை. அதன்பிறகு ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் காபி, டீ, பால் கிடையாது. டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு உறிஞ்ச விடாது. உணவோடு குடிக்கும் டீ உறிஞ்சுதலைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும். நம் வீடுகளில் மாத்திரை தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்பவர் காலையோடு போராட வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரவு சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தோ போடட்டும். எலுமிச்சைச் சாறு குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதற்காக வைட்டமின் சி மாத்திரை தனியாக வாங்கத் தேவையில்லை.

கால்சியம் மாத்திரைக்கும் இரும்புக்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். தைராய்டு மாத்திரை போடுகிறவருக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பும் கால்சியமும் தைராக்சினை உறிஞ்ச விடாமல் செய்து டிஎஸ்எச்-ஐ ஏற்றிவிடும். காலையில் தைராக்சின், மதியம் கால்சியம், இரவு படுக்கும் முன் இரும்பு என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகை மாத்திரைகள் நெடுநாளாகப் போடுகிறவர்களுக்கு இரும்பும் பி12-உம் இரண்டுமே குறைவாகச் சேரும்.

தினமும் இரண்டு மாத்திரை போட்டால் சீக்கிரம் ஏறும் என்று நினைப்பது இயல்பு. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. 60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு உள்ளே போனால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். அது குடலில் இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் கதவை ஏறத்தாழ ஒரு நாள் வரைக்கும் சாத்தி வைக்கும். அந்த நேரத்தில் போடும் இரண்டாவது மாத்திரையின் பெரும்பகுதி குடலிலேயே தங்கி எரிச்சலையும் மலச்சிக்கலையும்தான் தரும். லேசான, நடுத்தரக் குறைபாட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரே வேளையாகப் போடுவதை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் சேரும் பங்கு கூடும், வயிற்றுத் தொந்தரவும் குறையும்.

மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போவது சாதாரணம். தார் போல ஒட்டிக்கொண்டு கடும் நாற்றத்தோடு போனால் அது குடலில் ரத்தக் கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள். குமட்டல் தாங்கவில்லை என்றால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். உறிஞ்சுதல் குறையும், ஆனால் விட்டுவிடுவதைவிட அது மேல்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அட்டையைப் பூட்டி வையுங்கள். எடையில் கிலோவுக்கு 60 மி.கி. இரும்பு உயிருக்கு ஆபத்தான அளவு. 20-லிருந்தே நச்சு விளைவுகள் தொடங்கலாம். பத்து கிலோ குழந்தைக்கு 100 மி.கி. மாத்திரை ஆறு போதும். மிட்டாய் நிறத்தில் இருப்பதால் எடுத்துத் தின்ன வாய்ப்பு அதிகம்.

பி12: பெரிய எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம்

மாத்திரையில் 1,500 மைக்ரோகிராம் என்று இருக்கும், உடம்பின் தேவையோ நாளுக்கு இரண்டு மூன்று மைக்ரோகிராம். இந்த வித்தியாசத்துக்குக் காரணம் உறிஞ்சும் முறை. வயிறு சுரக்கும் உள்ளகக் காரணி என்ற புரதம் பி12-ஐப் பிடித்துக்கொண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் இறக்கும். ஒரு வேளைக்கு அந்த வழியில் இரண்டு மைக்ரோகிராம் அளவுதான் போகும். மிச்சத்தில் சுமார் ஒரு சதவீதம் தானாகக் கசிந்து ரத்தத்தில் சேரும். 1,000 மைக்ரோகிராம் போட்டால் இப்படிக் கசிவது ஏறத்தாழ 10 மைக்ரோகிராம். உள்ளகக் காரணியே இல்லாதவருக்கும் பெரிய அளவு மாத்திரை ஓரளவு பலிப்பது இந்தக் கசிவால்தான்.

ரத்தத்தில் 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு. 200-க்கும் 300-க்கும் நடுவே இருந்தால் சந்தேகம். அப்போது, பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹோமோசிஸ்டீன் அல்லது மீதைல்மலோனிக் அமிலம் பார்க்கலாம். ஹோமோசிஸ்டீனுக்கு எடுத்த ரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்துச் சீக்கிரம் பிரித்தெடுக்க வேண்டும். அறை வெப்பத்தில் கிடந்தால் அணுக்களிலிருந்து கசிந்து எண் பொய்யாக ஏறும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு பல வீடு சுற்றிப் போகிறவரிடம் இந்தப் பரிசோதனையைக் கொடுக்காதீர்கள்; லேபுக்கே போய்க் கொடுங்கள்.

சைவ உணவுக்காரர்கள், மெட்ஃபார்மின் பல வருடமாகப் போடும் சர்க்கரை நோயாளிகள், வயதானவர்கள் ஆகியோர் மாத்திரை தொடங்கும் முன் கட்டாயம் பி12 பார்க்க வேண்டும். காரணம், இரும்பு மாத்திரையோடு வரும் ஃபோலிக் அமிலம். அது பி12 குறைவால் வந்த ரத்தசோகையைச் சரிசெய்துவிடும். நரம்புச் சேதத்தைச் சரிசெய்யாது. ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும்போது கால் மரத்துப் போவதும் நடை தள்ளாடுவதும் தொடரும். ஏற்கெனவே மரத்துப்போதல் இருந்தால் ஊசியில் தொடங்குவதே முறை. ஸ்பைருலினாவை நம்பி இருக்க வேண்டாம், அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி பி12.

வைட்டமின் டி: வாரம் ஒன்று என்றால் வாரம் ஒன்றுதான்

60,000 ஐ.யு. பாக்கெட்டோ கேப்சூலோ எழுதிக் கொடுக்கும்போது ‘வாரம் ஒருமுறை, எட்டு வாரம்’ என்று இருக்கும். தினமும் போடும் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதையும் தினமும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. வாரத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 8,600 ஐ.யு. அளவு. தினமும் போட்டால் இரண்டு மாதத்தில் 36 லட்சம் ஐ.யு. உள்ளே போயிருக்கும். இது கொழுப்பில் தங்கும் வைட்டமின், சிறுநீரில் சுலபமாக வெளியேறாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, அதிக தாகம், மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். ஞாயிற்றுக்கிழமை என்று நாளைக் குறித்து, நாட்காட்டியில் எட்டு வட்டம் போட்டு, போட்டதும் அடித்துவிடுங்கள்.

கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். அந்த நாளின் பெரிய சாப்பாடு எதுவோ அதோடு சேர்த்தால் போதும். வெறும் வயிற்றில் கறுப்புக் காபியோடு போட்டால் சேர்வது குறையும்.

20 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள், ஆனால் இந்தக் கோட்டில் கருத்து வேறுபாடு உண்டு. 30-ஐத் தாண்ட வேண்டும் என்று பழைய ரிப்போர்ட்டுகள் சொன்னாலும், ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டி 2024-ல் அந்தக் கோட்டைக் கைவிட்டது. நலமாக இருப்பவர்கள் வழக்கமாக இதைப் பரிசோதிக்க வேண்டாம் என்றும் சொன்னது. 24 என்று வந்ததற்குப் பயந்து பெரிய அளவில் போட வேண்டியதில்லை. பிரிட்டன் போன்ற நாடுகளில் ரிப்போர்ட் நானோமோலில் வரும், அதை 2.5-ஆல் வகுத்தால் நானோகிராம் கிடைக்கும்.

இரண்டாவது ரத்தம்: எப்போது, எதற்கு

இரும்புக்கு மூன்று கட்டங்கள். ஏழு முதல் பத்து நாளில் ரெட்டிகுலோசைட் என்ற இளம் சிவப்பணுக்கள் கூடும். அவசரமாகத் தெரிய வேண்டியவர்களுக்கு இது பயன்படும். நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் குறைந்தது ஒன்று, பெரும்பாலும் ஒன்றரை இரண்டு கிராம் ஏறியிருக்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியானதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சேமிப்பு நிரம்ப மேலும் மூன்று மாதம் ஆகும். அதை ஃபெரிட்டின் பார்த்து முடிவு செய்யுங்கள். வைட்டமின் டி-க்கு மூன்று மாதத்துக்கு முன் பார்ப்பது பண விரயம், அளவு நிலைபெற அவ்வளவு காலம் ஆகும். பி12-க்கு இரண்டு மாதம் கழித்து சிபிசி பார்த்தாலே போதும். மாத்திரை போடும்போது ரத்தத்தில் பி12 ‘2,000-க்கு மேல்’ என்று வருவது எதிர்பார்த்ததே.

நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். காரணத்தைத் தேடுங்கள். மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போகிறதா, டீயும் கால்சியமும் தள்ளி வைக்கப்படுகின்றனவா, அமிலக் குறைப்பு மாத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்து மாதவிடாயில் அதிக ரத்தம், மூலம், வலி மாத்திரைகளால் வயிற்றுப்புண், கொக்கிப்புழு. அதற்கும் அடுத்து எச். பைலோரி கிருமி, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்.

குடல் வாங்குகிறதா என்பதை நேரடியாகப் பார்க்க ஒரு பழைய முறை உண்டு, மருத்துவர் மேற்பார்வையில் செய்வது. வெறும் வயிற்றில் சீரம் இரும்பு பார்த்து, 60 முதல் 100 மி.கி. இரும்பைத் தண்ணீரோடு கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்ப்பார்கள். ஏற்றம் 100 மைக்ரோகிராமைத் தாண்டினால் குடல் வாங்குகிறது. அப்படியானால் இரும்பு வேறெங்கோ இழக்கப்படுகிறது. 50-க்கும் குறைவாக ஏறினால் உறிஞ்சுதலில்தான் கோளாறு என்று சந்தேகித்து, நரம்பு வழியாக இரும்பு ஏற்றுவதைப் பற்றிப் பேசுவார்கள். அப்படி ஏற்றிய பிறகு நான்கு முதல் எட்டு வாரம் ஃபெரிட்டின் பார்க்காதீர்கள். பொய்யாக மிக உயர்ந்து நிற்கும்.

எல்லாம் சரியாகி மாத்திரையை நிறுத்தியவர்கள் மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். சாப்பாடு மாறாமலே 50-லிருந்து 20-க்கு விழுந்திருந்தால், எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இப்படி விழுந்தால் இன்னொரு அட்டை வாங்காதீர்கள். குடல்நோய் மருத்துவரிடம் போய் எண்டோஸ்கோபியும் கொலோனோஸ்கோபியும் தேவையா என்று கேளுங்கள்.